வலியறியா நோயும் ஊரார் கடமையும்



நோய் என்றவுடன் நம் நினைவுக்கு முதலில் வருவது வலி. பல் வலித்தால் மருத்துவரிடம் ஓடுகிறோம்; வயிறு வலித்தால் வேலையை விட்டுப் படுக்கிறோம். வலி நமக்குப் பகைபோலத் தோன்றினும், உண்மையில் அது நம் உடலின் காவற்காரன். 'இங்கே கேடு நிகழ்கிறது, கவனி' என்று உடல் எழுப்பும் கூக்குரலே வலி. அக்குரலைக் கேட்ட பின்னரே பெரும்பாலோர் மருத்துவமனையை நாடுகின்றனர். ஆனால் குரல் எழுப்பாத நோய்களும் உண்டு. அவை உடலில் புகுந்து, ஆண்டுக்கணக்கில் தங்கி, செய்ய வேண்டிய கேட்டையெல்லாம் செய்த பிறகே தம்மை வெளிக்காட்டும். அத்தகைய நோய் கண்டவனை மருத்துவரிடம் அனுப்புவது யார்? வலி அனுப்பாது. அவனைச் சூழ்ந்து வாழ்வோரின் அறிவும் அன்புமே அனுப்ப வேண்டும். சுகாதாரக் கல்வி என்பதன் பொருளும், ஊரார் பங்கு என்பதன் பொருளும் இதில் அடங்கியிருக்கின்றன. இக்கருத்துக்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. நான் பணியாற்றிய செங்கற்பட்டுப் பகுதியிலும் மாமல்லபுரக் கடற்கரையிலுமே அது இருக்கிறது.

செங்கற்பட்டு நகரை அடுத்துத் திருமணி என்றோர் ஊர் உளது. 1920களில் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் தொண்டர்கள் அங்கே தொழுநோயாளருக்கென ஒரு நிலையத்தை நடத்தத் தொடங்கினர். வில்லிங்டன் சீமாட்டியின் பெயரைத் தாங்கியிருந்த அந்நிலையத்தை 1955ஆம் ஆண்டில் இந்திய அரசு ஏற்று, மத்தியத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக ஆக்கிற்று.

தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. அக்கிருமியை 1873ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டறிந்தார். ஆகவே இது முற்பிறவியின் பயனும் அன்று. தெய்வத்தின் சாபமும் அன்று. குலவழியாக வருவதும் அன்று. இக்கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. உடலில் புகுந்த நாள் தொட்டு அடையாளம் தோன்றும் நாள்வரை சராசரியாக ஐந்தாண்டுகள் ஆகலாம். சிலருக்கு இருபது ஆண்டுகளும் ஆவதுண்டு. தோலில் வெளிறிய அல்லது சற்றே சிவந்த ஒரு தேமல் தோன்றும். அது அரிக்காது, எரியாது, நோகாது. அந்த இடத்தில் தொட்டால் தெரியாது. நோயின் முதல் அடையாளம் வலி இன்மையே என்றால், வலிக்காக மருத்துவரை நாடும் மனிதன் என்ன செய்வான்? 'இது வெறும் தேமல்' என்று இருந்து விடுவான்.

வலி இன்மை எத்தகைய கேட்டை விளைவிக்கும் என்பதை உலகம் உணர்ந்ததிலும் செங்கற்பட்டுக்குப் பங்கு உண்டு. நம் கொல்லிமலையில் 1914ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் பால் பிராண்டு. இங்கிலாந்தில் பயின்று அறுவை மருத்துவராகி, 1946ஆம் ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அவரைச் செங்கற்பட்டு நிலையத்துக்கு அழைத்துச் சென்றவர், தொழுநோய் மருத்துவத்தில் புகழ்பெற்ற டாக்டர் இராபர்ட்டு காக்ரேன். அங்கே விரல்கள் மடங்கி, கை கொக்கிபோல் ஆகியிருந்த ஒரு நோயாளியின் கையில் தம் கையைக் கொடுத்து, 'இயன்ற மட்டும் அழுத்திப் பிடி' என்றார் பிராண்டு. செயலற்றது என்று அவர் எண்ணியிருந்த அக்கை, அவர் வலி தாங்க இயலாதபடி இறுக்கிப் பிடித்தது. பிடித்தவருக்கோ தாம் அத்துணை வலிமையோடு பிடித்திருப்பது தெரியவே இல்லை.

அந்தப் பிடியிலிருந்து இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. கையின் தசைகள் யாவும் இறந்துபோகவில்லை. ஆகவே நல்ல தசையின் நாணை இடம் மாற்றித் தைத்தால் விரல்களை மீண்டும் இயங்கச் செய்யலாம் என்பது ஒன்று. வேலூரில் அத்தகைய அறுவை மருத்துவம் வளர்ந்து உலகுக்கே வழிகாட்டிற்று. மற்றோர் உண்மை இன்னும் பெரியது. தொழுநோய் விரல்களை அரித்துத் தின்பதில்லை. உணர்ச்சி மரத்த கை, அடுப்பிலிருந்து இறக்கும் பாத்திரத்தின் சூட்டை அறியாது. உணர்ச்சி மரத்த கால், ஏறிய முள்ளை அறியாது. அறியாத புண் ஆழ்ந்து, சீழ்பிடித்து, எலும்பைக் கெடுக்கிறது. மாமல்லபுரத்தில் உளி பிடிக்கும் சிற்பியையும், அடுத்த குப்பத்தில் வலைக்கயிறு இழுக்கும் மீனவரையும் எண்ணிப் பாருங்கள். கயிறு உள்ளங்கையை அறுத்தால், நமக்குக் கை தானே தளரும். உணர்ச்சி இல்லாதவருக்குத் தளராது. குருதி வழிவதைக் கண்ணால் கண்ட பிறகே அவர் அறிவார்.

ஆகவே நோயாளிகளுக்குப் புதியதொரு கல்வி தேவைப்பட்டது. நாள்தோறும் மாலையில் கைகளையும் பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள். சூடான பாத்திரத்தைத் துணி கொண்டு பிடி. மெத்தென்ற இரப்பர் அடி வைத்த செருப்பணிந்து நட. சிறு கொப்புளத்தையும் புறக்கணியாதே. வலி செய்ய வேண்டிய வேலையைக் கண்ணுக்குக் கற்பித்த கல்வி இது. மருந்துக்கடையில் கிடைக்காத இந்த மருந்து பல்லாயிரம் பேரின் விரல்களைக் காத்திருக்கிறது.

மருந்தும் வந்தது. முன்னாளில் சாவல்மூக்கிரா என்னும் எண்ணெயை ஊசி வழியே செலுத்தி வந்தனர். அதனால் விளைந்த பயன் சிறிது. 1940களில் சல்போன் வகை மருந்துகள் வந்தன. அவற்றுக்கும் அடங்காத கிருமிகள் தோன்றியபோது, மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்து முறையை 1982ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்டது. தேமல்கள் சிலவே உள்ள எளிய நிலையாயின் ஆறு திங்கள்; நோய் பரவிய நிலையாயின் ஓராண்டு. மருந்துக்கு விலையில்லை. உட்கொள்ளத் தொடங்கிய சின்னாளிலேயே நோயாளி பிறருக்குத் தொற்று ஏற்படுத்தாதவர் ஆகிவிடுகிறார்.

இவ்வளவும் இருந்தும் நோயாளர் ஏன் வெளிவரத் தயங்கினர்? அறியாமையே காரணம் என்று படித்தோர் எளிதாகக் கூறிவிடுவர். அது முழு உண்மை ஆகாது என்பதை எனக்கு உணர்த்தியவர் ஒரு மீனவப் பெண்மணி.

1990களின் தொடக்கத்தில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியனாக இருந்தேன். தொழுநோய்ப் பணியாளர்கள் மாணவரைச் சோதிக்க வந்தனர். பிள்ளைகள் அஞ்சா வண்ணம், ஆசிரியர்களாகிய நாங்கள் முதலில் சோதனைக்கு நின்றோம். பிறகு ஆண்பிள்ளைகளை ஓர் அறையிலும், பெண்பிள்ளைகளைப் பெண் பணியாளர் மற்றோர் அறையிலும் பார்த்தனர். எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனது தோளுக்குப் பின்புறத்தில் தேமல் ஒன்று இருந்தது. கண்ணை மூடச் செய்து, எழுதுகோலின் முனையால் தொட்டு, 'தொட்ட இடத்தைக் காட்டு' என்றார் பணியாளர். கையைத் தொட்டபோது காட்டினான். கழுத்தைத் தொட்டபோது காட்டினான். தேமலைத் தொட்டபோது சும்மா இருந்தான். தன் முதுகில் உள்ளதை அவன் ஒருநாளும் கண்டதில்லை. காண வேண்டியவர்கள் அயலாரே.

அவனுடைய தாயாரைப் பள்ளிக்கு வரவழைத்து, தனியே அமர்த்தி, எல்லாவற்றையும் எடுத்துரைத்தோம். அவர் பொறுமையாகக் கேட்டார். ஒரு சொல்லையும் மறுக்கவில்லை. இறுதியில், "ஐயா, மருந்து குடுத்தா எம்புள்ள தின்னுடுவான். ஆனா நாளைக்கு நான் கூடையத் தூக்கிட்டுப் போனா, எம்மீன யாரு ஐயா வாங்குவாங்க?" என்றார்.

நேயர்களே, இக்கேள்வியில் அறியாமை ஏதும் இல்லை. அந்த அம்மையார் உலகத்தை நன்கு அறிந்தே கேட்டார். அவர் அன்றாடம் மீன் விற்றது திருக்கழுக்குன்றத்துக் கடைத்தெருவில். மகனுடைய நோயின் பெயர் வெளியே தெரிந்தால் அன்றே கூடை நிறைய மீன் திரும்பி வரும், அடுப்பு எரியாது. அவர் கணக்கில் நோயைவிடப் பசி அருகில் இருந்தது. கல்வி தேவைப்பட்டவர்கள் மீன் வாங்குவோர். அவர்கள் அறியாமையின் விலையை இவர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த அச்சத்தை அன்று சட்டமும் தாங்கி நின்றது. தொழுநோயாளரைப் பிரித்து அடைத்துவைக்க 1898ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இருந்தது. நோய்க்கு முழு மருந்து கிடைத்த பின்னும் அது ஏட்டிலிருந்து நீங்காமல், 2016ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. தொழுநோயைக் காரணங்காட்டி மணவிலக்குக் கேட்கலாம் என்று இருந்த விதிகள் 2019ஆம் ஆண்டில்தான் அகற்றப்பட்டன. சட்டமே அவ்வாறு இருந்தபோது கடைத்தெருவை மட்டும் குறை கூறுவது எங்ஙனம்?

பணியாளர்கள் நல்லறிவு உடையவர்கள். பெயர்ப்பலகை தீட்டிய தங்கள் ஜீப்பை அவர்கள் பள்ளியிலேயே நிறுத்திவிட்டுக் குப்பத்துக்குள் நடந்தே சென்றனர். ஒரு வீட்டுக்கு மட்டும் போகாமல் வீடுதோறும் போயினர். பிறகு, கடலுக்குப் போகாத ஒரு நாள் மாலையில், ஊர்ப் பெரியவர்களின் இசைவோடு கூட்டம் ஒன்று கூடிற்று. மாணவன் பெயர் எங்கும் எழவில்லை. முதலில் மருத்துவர் பேசினார்; மக்கள் மரியாதையாகக் கேட்டனர். அடுத்து, அதே கரையைச் சேர்ந்த, மருந்துண்டு குணமான ஒருவர் எழுந்தார். தம் கைகளை விரித்துக் காட்டி, தாம் மருந்துண்ட காலத்திலும் வலை இழுத்ததைக் கூறினார். அப்போது மக்கள் நகர்ந்து முன்னே வந்து அமர்ந்தனர். ஊர்ப் பெரியவர் ஒருவர், "இந்த நோய் உள்ளவர் தொட்ட மீனைத் தின்றால் வருமா?" என்று கேட்டார். 'வராது, உணவின் வழியே இது பரவுவதில்லை. மருந்து உண்ணாத நோயாளியோடு நெடுங்காலம் நெருங்கிப் பழகினால்தான், மூச்சுவழியே தொற்றக்கூடும். அப்போதும் மிகப் பெரும்பாலோர் உடலுக்கு அதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு' என்றார் மருத்துவர். பெரியவர் சற்றே சிந்தித்தார். "அப்படியானால் இதை எங்களிடம் சொல்லிப் பயன் என்ன? மீன் வாங்குகிற இடத்திலல்லவா சொல்ல வேண்டும்?" என்றார்.

திட்டம் தீட்டிய எவருக்கும் தோன்றாத யோசனை அது. அதன்படியே, அடுத்த வாரம் திருக்கழுக்குன்றத்துக் கடைத்தெருவில் படங்கள் வைத்துப் பேசினர்; எங்கள் மாணவர்கள் பாட்டும் உரையாடலும் நடத்தினர்; குப்பத்துப் பெரியவர்கள் உடன் நின்றனர். அந்த மாணவன் ஆறு திங்களும் தவறாது மருந்துண்டான். திங்கள்தோறும் பணியாளர் முன்னிலையில் உண்ண வேண்டிய தவணையை எங்கள் பள்ளி அறையிலேயே கொடுத்தனர். நோய் நீங்கிற்று. தாயாரின் கூடையும் வெறுங்கூடையாகவே வீடு திரும்பி வந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அக்கரையைச் சேர்ந்த முதியவர் இருவர், எவரும் அழைக்காமலே, தம் தேமல்களைக் காட்டிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு வந்தனர்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவம் நான்கு கூறுகளை உடையது என்று வகுத்தார்: நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணை செய்பவர். மருந்தையும் மருத்துவரையும் மட்டுமே மருத்துவம் என்று எண்ணும் நாம், நான்காம் கூறினை மறந்து போகிறோம். வலியறியா நோய்களில், அருகிருந்து துணை செய்பவர் ஒரு தனி மனிதர் அல்லர். ஊர் முழுவதுமே அந்த இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

அறிஞர் பலரும் இதனை உணர்ந்தே இருந்தனர். நாடு விடுதலை பெறுவதற்கு முன்னரே, 1946ஆம் ஆண்டில் போர் குழுவினர் அளித்த அறிக்கை, சிற்றூர்தோறும் சுகாதாரக் குழு அமைய வேண்டும் என்று கூறிற்று. 1978ஆம் ஆண்டில் அல்மா அட்டா நகரில் கூடிய உலக மாநாடு, தமக்குரிய மருத்துவப் பணியைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கு கொள்வது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று அறிவித்தது. திட்டமிடுவதிலும் என்ற சொல்லைக் கவனியுங்கள். கூட்டத்துக்கு வந்து கைதட்டுவது பங்கு ஆகாது. 'மீன் வாங்குகிற இடத்தில் சொல்லுங்கள்' என்று அந்தப் பெரியவர் கூறினாரே, அதுதான் பங்கு.

நம் மாநிலத்தில் இக்கருத்துக்கு உருக்கொடுத்தவர்களுள் டாக்டர் கே. எஸ். சஞ்சீவி தலைசிறந்தவர். அவர் 1958ஆம் ஆண்டில் தோற்றுவித்த தன்னார்வ மருத்துவச் சேவை நிலையம் சென்னை அடையாற்றில் விளங்குகிறது. ஒவ்வொரு குடும்பமும் தன் வருவாய்க்கு ஏற்ற சிறு தொகையை ஆண்டுதோறும் செலுத்தி, மருத்துவ உதவியை உரிமையாகப் பெற வேண்டும் என்பது அவர் கொள்கை. 1970களில், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களில் அவர் சிறு சுகாதார நிலையங்களை அமைத்தார். ஏறத்தாழ ஐயாயிரம் மக்களுக்கு ஒரு நிலையம். அவ்வூர்களில் வாழும் பெண்களே பயிற்சி பெற்று முதலுதவி செய்தனர். வீட்டு நலம் கேட்டனர். அண்டை வீட்டுப் பெண் கண்ட தேமலை, அயலூரிலிருந்து வரும் மருத்துவர் காணப் பல ஆண்டுகள் ஆகலாம் அல்லவா?

மக்கள் பங்கு கொள்ளும்போது அவர்களுக்கு நாம் கடன்படுகிறோம் என்பதையும் மறத்தலாகாது. 1968ஆம் ஆண்டு முதல், அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சூழ்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட ஊர்களில், காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி குறித்து மாபெரும் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ 3,60,000 மக்கள் அதில் உட்பட்டனர். வயது வந்தோரின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை என்னும் முதல் முடிவு 1979ஆம் ஆண்டில் வந்தது. பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999ஆம் ஆண்டில் வெளியாகி அதனை உறுதி செய்தது. குழந்தைகளைத் தாக்கும் கொடிய காசநோய் வகைகளிலிருந்து அவ்வூசி காப்பதால், பிறந்த குழந்தைக்கு அது இன்றும் இடப்படுகிறது. எதிர்பார்த்த விடை கிடைக்காவிடினும், அந்த ஏழை உழவர்கள் தங்கள் கைகளை நீட்டியதால் உலகம் ஓர் உண்மையைக் கற்றது. அந்த உண்மையை அவர்கள் மொழியில், அவர்கள் வாயிலில் சென்று சொல்வதும் சுகாதாரக் கல்வியே ஆகும்.

மாணவர்களே, தொழுநோய் பழங்கதை அன்று. பதினாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற நிலையை 2005ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியா எட்டியது. அது பெருமைக்குரியது, ஆயினும் நோய் அற்றுப்போயிற்று என்று அதற்குப் பொருள் இல்லை. 2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட புதிய நோயாளர் கண்டறியப்பட்டனர். உலகில் கண்டறியப்பட்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இவர்களே. நோயாளியோடு நெருங்கி வாழ்வோருக்கு ஒரே ஒரு தவணை மருந்து கொடுத்து, நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் முறை இப்போது வந்துளது. அதற்கும் நோயாளி, தம் நெருங்கியவர் இன்னார் என்று அஞ்சாமல் சொல்ல வேண்டும். மீண்டும் நாம் அந்த மீன்கூடையின் முன்னே வந்து நிற்கிறோம்.

தொழுநோய் கற்பித்த பாடம் இன்று நம் ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டியிருக்கிறது. நீரிழிவும் உயர்ந்த இரத்த அழுத்தமும் வலியறியா நோய்களே. இரத்த அழுத்தம் ஏறியிருப்பதை உடல் பெரும்பாலும் அறிவிப்பதில்லை. மூளையிலோ நெஞ்சிலோ தாக்கும் நாளில்தான் பலர் அறிகின்றனர். நீரிழிவு முற்றினால் பாதத்தின் உணர்ச்சி மரத்துப் போகிறது. ஏறிய முள்ளை அறியாத அந்தப் பாதத்துக்கும், திருமணியில் கற்பித்த அதே கல்விதான்: மாலைதோறும் பாதத்தைப் பார்த்துக்கொள், பொருத்தமான செருப்பணி, சிறு புண்ணையும் புறக்கணியாதே. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், உள்ளூர்ப் பெண் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து இந்நோய்களுக்கு மாத்திரை தருகின்றனர். டாக்டர் சஞ்சீவியின் சிற்றூர்ப் பெண்கள் நடந்த வழியிலேயே இவர்களும் நடக்கின்றனர்.

உங்களால் ஆவது என்ன என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் பாட்டனார் தம் உள்ளங்காலைத் தாமே காண இயலாது. குனிய முடியாத வயது. மாலையில் ஐந்து நிமிடம் ஒதுக்கி அந்தப் பாதத்தை நீங்கள் பார்க்கலாம். தம்பியின் முதுகில் உணர்ச்சியற்ற தேமல் தெரிந்தால், பதறாமல், ஊருக்குப் பறையடிக்காமல், சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லலாம். ஒரு நோயின் பெயரைச் சொல்லி ஒருவரை இகழும் பேச்சு வகுப்பறையில் எழுந்தால், அதைத் தடுத்துப் பேசலாம். கடைத்தெருவில் ஒருவர் கூடையை மற்றவர் விலக்கிப் போகக் கண்டால், நீங்கள் நின்று அந்த மீனை வாங்கலாம். மருத்துவமனைக்கு வரத் தயங்குபவரை வரச் செய்யும் துணிவு, பெரும்பாலும் இத்தகைய சிறு செயல்களிலிருந்தே பிறக்கிறது.